நினைவிற்கு ஒரு திண்ணை

நம் நாட்டில் கல்யாண வீடொன்றிற்குச் சென்றறியாதார் ஒருவரும் இலர். வீடோ சிறிது, விருந்தினரோ பலர். கூடம் நிறைந்துவிட்டதே என்று வீட்டுக்காரர் கலங்கி நிற்பதில்லை. அந்நேரத்திற்கு வேண்டாத பெட்டிகளையும் பாத்திரங்களையும் அண்டை வீட்டுத் திண்ணைக்கு அனுப்பிவிட்டுக் கூடத்தில் இடம் உண்டாக்குகின்றார். வேண்டும்பொழுது அவற்றை மீளவும் கொணர்கின்றார். திண்ணை ஒருபொழுதும் கூடம் ஆகாது. எனினும் திண்ணையின்றேல் கல்யாணம் செவ்வனே நடவாது.

கணிப்பொறியின் நினைவகத்திற்கும் இத்தகைய திண்ணை ஒன்று உண்டு. அதனை ஆங்கிலத்தில் ‘ஸ்வாப்’ என்பர். யாம் இடமாற்றுப் பரப்பு என்று வழங்குவோம். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் அப்பரப்பினைப் பல வட்டுக்களிற் பகிர்ந்தமைக்கப் புகுந்து, யாம் பெற்ற பயனையும், பட்ட பாட்டையும், அரும்பொருளொன்றை இழக்கவிருந்து தப்பிய வரலாற்றையும் நம் கல்லூரி மாணாக்கர்க்கு எடுத்துரைத்தல் தகும் என்றெண்ணி இதனை எழுதத் துணிந்தோம். யாம் தமிழ்த்துறையைச் சார்ந்தோம். கணிப்பொறி எமக்குத் தொழிலன்று. ஆதலின், அத்துறை வல்லார் இதன்கட் காணும் எளிமையைப் பொறுத்தருள்வாராக.

எமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் இறைவனடி சேர்ந்தபின் அவர்தம் குடும்பத்தார், அவர் வகுப்புக்களுக்கென எழுதிவைத்த பதினான்கு குறிப்பேடுகளைச் சிலநாள் எம்மிடம் ஒப்புவித்தனர். யாம் அவற்றின் பக்கங்கள் 1,400-ஐயும் ஸ்கேன் செய்து வட்டொன்றிற் சேமித்துக்கொண்டு, ஏடுகளைத் திருப்பி அளித்தோம். மறு ஆண்டு மழைக்காலத்தில் அவ்வேடுகள் இருந்த பெட்டியினுள் நீர் புகுந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மையும் கரைந்துபோயிற்று. அன்று தொட்டு எம்மிடமிருந்த படங்களே அவ்வெழுத்திற்கு எஞ்சிய ஒரே படி ஆயின. அவற்றைத் தூய்மை செய்து, நூலகத்திற்கு ஒரு படியும் குடும்பத்தார்க்கு ஒரு படியும் அளித்தல் எம் கடன் என்று கொண்டோம்.

நிற்க. பக்கமொன்று எட்டங்குல அகலமும் பத்தங்குல நீளமும் உடையது. அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் எடுத்த படத்தில் 4,800-ஐ 6,000-ஆற் பெருக்க வரும் புள்ளிகள், அஃதாவது 2 கோடியே 88 இலட்சம் புள்ளிகள், அமைந்துள்ளன. புள்ளி ஒன்றிற்கு மூன்று பைட்டாக, விரித்த படம் ஒன்று ஏறத்தாழ 86 மெகாபைட் இடங்கொள்ளும். கறையை நீக்குதல், சாய்வை நிமிர்த்தல், எழுத்தைத் தெளிவித்தல் ஆகிய செயல்கட்கெல்லாம் ஒரு படத்திற்கே பல படிகளை ஒரே வேளையில் நினைவகத்தில் வைத்தல் வேண்டும். எம் துறையிலிருந்த பழைய பொறிக்கு நினைவகம் 4 கிகாபைட்டே. மேலும் சேர்க்கலாமெனின், அப்பலகை ஏற்கும் எல்லை அதுவே என்றனர்.

முதல் நாள் வேலையைத் தொடங்கிச் சிறிதுநேரம் கழிந்தது. திடீரென்று அந்நிரல் ஓசையின்றி மறைந்தது. பிழை எம்முடையதோ என்று மயங்கி மீண்டும் தொடங்கினோம். மீண்டும் அவ்வாறே ஆயிற்று. பின்னர்ப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபொழுதுதான் உண்மை விளங்கிற்று. நினைவகம் முற்றும் தீர்ந்து, வேறு புகலிடமும் இல்லாதவழி, லினக்ஸின் கருநிரல் மிகுதியான இடத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் நிரலொன்றைத் தேர்ந்து அதனைக் கொன்றுவிடும். ஏனையவை பிழைத்தற்பொருட்டு ஒன்றைப் பலியிடும். எம் பொறியில் இடமாற்றுப் பரப்பு என்பதே அமைக்கப்படாமையின், பலி எம் வேலையாயிற்று.

இவ்விடத்து இடமாற்றுப் பரப்பின் வரலாற்றைச் சிறிது கூறுதல் பொருந்தும். இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் என்பாரும் அவர் குழுவினரும் அமைத்த அட்லஸ் என்னும் கணிப்பொறி 1962-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் தொடக்கம் பெற்றது. அதன் விரைவு நினைவகம் 16,384 சொற்களே கொள்ளும். அதனோடு நான்கு காந்த உருளைகளிற் பகிர்ந்த 98,304 சொற்களுக்கான இடத்தைச் சேர்த்து, எழுதுவோர்க்கு இரண்டும் ஒன்றேபோலத் தோன்றுமாறு அவர்கள் செய்தனர். ஐந்நூற்றுப் பன்னிரண்டு சொற்களை ஒரு பக்கமாக வகுத்து, வேண்டிய பக்கத்தை உருளையினின்று கொணர்ந்து, வேண்டாததைத் திருப்பி அனுப்புதலே அவர் கண்ட வழி. பல வட்டுக்களிற் பகிர்தல் என்பது நேற்றைய புதுமையன்று என்பது இதனாற் பெறப்படும்.

லினக்ஸிலோ, லினஸ் டார்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து நாட்டு மாணவர் 1991-ஆம் ஆண்டில் அவ்வியங்குதளத்தை வெளியிட்ட சில திங்களில், ஜெர்மனியிலிருந்த ஒருவர், 2 மெகாபைட் நினைவகமே உடைய தம் பொறியிற் கருநிரலைத் தொகுக்க இயலவில்லை என்று அவருக்கு எழுதினார். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் டார்வால்ட்ஸ் பக்கங்களை வட்டிற்கு மாற்றும் வசதியைச் சேர்த்தார். எளிய பொறியுடையார் ஒருவரது குறை நீக்கற்கென எழுந்த வசதியே இன்று எமக்கும் துணையாயிற்று என்று எண்ணுந்தோறும் உள்ளம் நெகிழ்கின்றது.

யாம் முதலில், இயங்குதளம் இருந்த 250 கிகாபைட் வன்தட்டில் 4 கிகாபைட் அளவுள்ள பகுதியொன்றை ஒதுக்கினோம். ‘மேக்-ஸ்வாப்’ என்னும் கட்டளை அப்பகுதியில் இடமாற்றுப் பரப்பிற்குரிய முத்திரையைப் பொறிக்கும். ‘ஸ்வாப்-ஆன்’ என்னும் கட்டளை அதனை வழக்கிற் கொணரும். பொறி ஒவ்வொரு முறை எழும்பொழுதும் தானே அதனைக் கொள்ளுமாறு ‘எஃப்-எஸ்-டேப்’ என்னும் கோப்பில் ஒரு வரி எழுதிவைத்தல் வேண்டும். இவ்வளவே செயல். வேலை இப்பொழுது கொல்லப்படவில்லை. ஆயின் நடக்கவும் இல்லை! சுட்டியை அசைத்தால் அரை நிமிடங் கழித்து அம்புக்குறி அசையும். வட்டின் ஓசை அரிசி புடைக்கும் ஓசைபோல் இடைவிடாது கேட்டது.

காரணத்தைக் கணக்கிட்டு அறிந்தோம். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு, நொடிக்கு 120 முறை சுழலும். வேண்டிய இடம் முள்ளின்கீழ் வருதற்குச் சராசரி அரைச் சுற்று, அஃதாவது நான்கு மில்லிநொடிக்குச் சிறிது மேல், காத்திருத்தல் வேண்டும். முள் இடம் பெயரும் காலத்தையுங் கூட்டினால் ஏறத்தாழப் பத்து மில்லிநொடி ஆகும். நினைவகமோ ஒரு நொடியைக் கோடி கூறாக்கிய ஒரு கூற்றில் விடையளிக்கும். ஒன்றற்கொன்று இலட்சம் மடங்கு வேற்றுமை! மேசைமீதுள்ள நூலை எடுக்க ஒரு நொடி ஆகுமெனின், இவ்விகிதத்தில் வன்தட்டினின்று எடுக்க ஒரு பகலும் ஓரிரவும் கழிந்து மேலும் நான்கு மணிநேரம் செல்லும். நினைவகத்திற்கும் வட்டிற்குமிடையே பக்கங்களை ஏற்றி இறக்குவதிலேயே பொறியின் காலம் முழுதும் கழியும் இந்நிலையைப் பீட்டர் டென்னிங் என்னும் அமெரிக்க அறிஞர் 1968-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து விளக்கியுள்ளார்.

ஒரு திண்ணை போதாதெனின் இரு திண்ணை கொள்வோம் என்று துணிந்து, மூலையிற் கிடந்த 160 கிகாபைட் பழைய வன்தட்டொன்றைத் துடைத்துப் பொருத்தினோம். அதிலும் 4 கிகாபைட் ஒதுக்கினோம். இங்கே மாணாக்கர் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. இடமாற்றுப் பரப்பு ஒவ்வொன்றிற்கும் முந்துரிமை எண் ஒன்று உண்டு. ‘எஃப்-எஸ்-டேப்’ கோப்பில் ‘பி.ஆர்.ஐ.’ என்னும் மூன்றெழுத்தால் அதனைக் குறிப்பர். எண் குறியாதொழியின், முதலில் வழக்கிற் கொணர்ந்த பரப்பு நிரம்பிய பின்னரே கருநிரல் அடுத்ததை நாடும். இரண்டாவது வட்டு வாளா இருக்கும். இரண்டிற்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால், கருநிரல் மாறிமாறி இரண்டிலும் பக்கங்களை இறக்கும். ஒருவர் சுமப்பதை இருவர் பகிர்ந்து சுமப்பது போலாம். இதன்பொருட்டு வட்டுக்களை ரெய்டு என்னும் முறையிற் கோக்க வேண்டுவதில்லை. கருநிரல் தானே அப்பணியைச் செய்யும். ஒரே தட்டில் இரு பகுதிகள் வகுத்து ஒரே எண் கொடுப்பதோ பேதைமை. முள் ஒன்றே ஆதலின் அங்குமிங்கும் ஓடி முன்னினும் அலையும்.

இவ்வாறு பகிர்ந்தபின் நிலைமை சிறிது சீர்பட்டது. எம் பழைய மாணவர் ஒருவர் இச்செய்தி கேட்டு, 120 கிகாபைட் திடநிலை வட்டொன்றை அன்பளிப்பாக அனுப்பினார். அதிற் சுழல்வது யாதும் இல்லை. வன்தட்டினும் ஏறக்குறைய நூறு மடங்கு விரைந்து விடைதரும். அதில் 8 கிகாபைட் ஒதுக்கி, முதன்மைத் திண்ணையாக்கக் கருதினோம். எம் அவசரமும் செருக்கும் தலைதூக்கிய நாள் அதுவே.

பொறியில் அப்பொழுது நான்கு வட்டுக்கள் இருந்தன. லினக்ஸ் அவற்றை எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி., எஸ்.டி.சி., எஸ்.டி.டி. என்று பெயரிட்டு அழைக்கும். இரண்டாவது புதிய திடநிலை வட்டு. மூன்றாவது ஆசிரியரின் பக்கங்கள் உறைந்த 500 கிகாபைட் வட்டு. இவ்வளவையும் தாளொன்றிற் குறித்து மேசைமேல் ஒட்டிவைத்தோம். அன்று மாலை பொறியைத் திறந்து தூசு தட்டி, வடங்களைக் கழற்றி மீண்டும் பொருத்தினோம். பொருத்தும்பொழுது இரண்டு வடங்கள் இடம் மாறின. அப்பெயர்கள் வட்டுக்களுக்கு உரிய பெயர்கள் அல்ல, கண்டறியப்படும் முறைபற்றி வரும் பெயர்களே என்பதை யாம் அறிந்திலோம். மறுநாட் காலை தாளைப் பார்த்தோம், பொறியைப் பார்த்திலோம். எஸ்.டி.பி.யின் முதற் பகுதிமீது ‘மேக்-ஸ்வாப்’ கட்டளையை இட்டோம்.

வழக்கிலுள்ள கோப்புமுறையின்மீது அக்கட்டளை செல்லாது, மறுத்துவிடும். யாமோ, படங்களுக்குத் தீங்கு நேராதிருத்தற்பொருட்டென்றே அவ்வட்டினை அன்று வழக்கில் இணையாது வைத்திருந்தோம்! காவலெனக் கருதியதே கதவைத் திறந்துவிட்டது. பழைய கோப்புமுறையின் அடையாளத்தைத் துடைப்பதாக ஓர் எச்சரிக்கை வரி திரையில் தோன்றிற்று. அதனை யாம் கருத்தூன்றிப் படித்திலோம். அடுத்து, அமைத்த பரப்பின் அளவு வந்தது. எட்டு என்றிருக்க வேண்டிய இடத்தில் நானூற்று அறுபத்தைந்து என்றிருந்தது. ‘ஸ்வாப்-ஆன்’ கட்டளையை முற்றும் தட்டிவிட்டிருந்தோம்; அதனை நிறைவேற்றும் விசைமீது விரல் இருந்தது. அவ்வெண்ணைக் கண்டதும் விரல் தானே நின்றது.

அப்பொழுது எமக்கு உண்டான நிலையைச் சொல்லால் விளக்குதல் அரிது. கைகால்கள் குளிர்ந்தன. பதினான்கு ஏடுகளையும் நம்பி ஒப்புவித்த அம்மையாரின் முகம் கண்முன் வந்தது. படிகள் எடுத்தபின் காட்டுவோம் என்றிருந்தோம். எடுக்குமுன் அழித்துவிட்டோமே என்று ஏங்கினோம். கணிப்பொறித் துறையின் முதுபெரும் ஆசிரியரிடம் ஓடினோம். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, “ஸ்வாப்-ஆன் செய்தீர்களா?” என்றார். “இல்லை, ஐயா” என்றோம். “ஆயின் அஞ்சற்க. இனி அதனைத் தொடாதீர்கள், நான் வருகின்றேன்” என்றார்.

அவர் விளக்கியது இது. ‘மேக்-ஸ்வாப்’ வட்டு முழுவதையும் அழிப்பதில்லை. முத்திரையைப் பகுதியின் முதற் பக்கமாகிய 4,096 பைட்டுக்குள்ளேயே பொறிக்கின்றது. ஆயின் கோப்புமுறையின் தலைமைக் குறிப்பும் அப்பக்கத்திலேயே இருத்தலின், கோப்புக்களுக்குச் செல்லும் வழி மறைந்தது, கோப்புக்கள் மறையவில்லை. அரண்மனை வாயிலின் பெயர்ப்பலகை பிடுங்கப்பட்டதேயன்றி அரண்மனை இடியவில்லை. அடுத்த கட்டளையை நிறைவேற்றியிருந்தாலோ, கருநிரல் அவ்வட்டினைத் தனக்குரிய திண்ணையெனக் கொண்டு, தன் பக்கங்களை ஆசிரியரின் பக்கங்கள்மேல் எழுதத் தொடங்கியிருக்கும். அதன்பின் மீட்பு இல்லை.

அவர் முதலில் யாதொன்றையும் திருத்தவில்லை. தம்மிடமிருந்த பெரிய வட்டொன்றைக் கொணர்ந்து, அடிபட்ட வட்டின் படி முழுவதையும் அதில் எடுத்தார். “பழுது பார்ப்பதெனின் படியிற் பார்க்க வேண்டும்; மூலத்தில் அன்று” என்றார். இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. ‘எக்ஸ்ட்-4’ என்னும் கோப்புமுறை தன் தலைமைக் குறிப்பின் நகல்களை வட்டில் ஆங்காங்கே வைத்திருக்கும். 4,096 பைட் கட்டங்களாக வகுத்த வட்டில் முதல் நகல் 32,768-ஆம் கட்டத்தில் இருக்கும். அந்நகலைக் காட்டிக் கோப்புமுறையைச் சரிபார்க்குமாறு கட்டளையிட்டார். சில நிமிடங்களில் வட்டு திறந்தது. எண்ணிப் பார்த்தோம், 1,400 பக்கங்களும் இருந்தன. யாம் வாய்பேசாது நின்றோம். அவர் எம் தாளை மேசையினின்று உரித்தெடுத்து, “தம்பி, பொறியைக் கேளாமல் தாளைக் கேட்டால் இப்படித்தான் ஆகும்” என்று மட்டும் சொல்லிச் சென்றார்.

பின்னர் எல்லாவற்றையும் முறைப்படி அமைத்தோம். ஒவ்வொரு பரப்பிற்கும் ‘மேக்-ஸ்வாப்’ தானே அளிக்கும் நீண்ட அடையாள எண் ஒன்று உண்டு. அதனை ‘யு.யு.ஐ.டி.’ என்பர். வடம் எங்கு மாறினும் அவ்வெண் மாறாது. ‘எஃப்-எஸ்-டேப்’ கோப்பில் அவ்வெண்களையே எழுதினோம். திடநிலை வட்டின் பரப்பிற்கு முந்துரிமை 100. சுழல்தட்டுக்கள் இரண்டிற்கும் ஒருங்கே 10. பெரிய எண்ணுடையது முதலில் நிரம்பும். அது நிரம்பிய பின்னரே சிறிய எண்ணுடைய இரண்டும் மாறிமாறிக் கொள்ளும். விரைவுடையதற்கும் மந்தமானதற்கும் ஒரே எண் கொடுத்தல் ஆகாது. குதிரையையும் எருதையும் ஓரேரிற் பூட்டினாற்போல் குதிரையும் எருதின் நடையே நடக்கும். ஆசிரியரின் பக்கங்கள் உறையும் வட்டில் இடமாற்றுப் பரப்பு வைப்பதில்லை என்று உறுதி கொண்டோம். ‘ஸ்வாப்-ஆன்’ கட்டளையோடு ‘ஷோ’ என்னும் சொல்லைச் சேர்த்திட்டு, பரப்புக்கள் மூன்றும், அளவும், எண்ணும் கருதியவாறே அமைந்தன என்று கண்ணாரக் கண்ட பின்னரே வேலையைத் தொடங்கினோம்.

மற்றுமொன்று கூறல் வேண்டும். பகிர்தலிற் பயன் உண்டு, இடரும் உண்டு. மூன்று வட்டுக்களில் ஒன்று இடையிற் பழுதாயின், அதன்கட் பக்கங்களை இறக்கிவைத்த நிரல்கள் அவற்றை மீளப் பெறமாட்டாமல் மடியும். வட்டுக்கள் கூடக்கூட இவ்விடரும் கூடும். ஆதலின் இடையறாது இயங்கவேண்டிய பொறிகளில், இரு வட்டுக்களில் ஒரே செய்தியை இரட்டித்து எழுதும் முறையில் இப்பரப்பினை அமைப்பர். எம் வேலை நின்றால் மறுநாள் தொடங்கலாம். ஆதலின் யாம் விரைவையே விரும்பினோம். எதற்கு எது வேண்டும் என்பதை அவரவர் வேலையே முடிவு செய்யும்.

இத்தனை செய்தும், நான்கு படங்களை ஒருங்கே செப்பஞ் செய்யப் புகின் பொறி இன்னும் திணறவே செய்தது. ‘வி.எம்-ஸ்டாட்’ என்னும் கட்டளையில், பக்கங்கள் உள்வருதலையும் வெளிச்செல்லுதலையும் காட்டும் இரு நிரல்களும் ஓயாது பெருகிக்கொண்டிருந்தன. இரண்டு படங்களாகக் குறைத்தோம். அவ்வெண்கள் தணிந்தன, வேலை இரவு முழுதும் தங்குதடையின்றி நடந்தது. திண்ணை எத்தனை இருப்பினும், விருந்தினரைப் பந்தி பந்தியாக அமர்த்துவதே அறிவு என்று அன்று உணர்ந்தோம். இடமாற்றுப் பரப்பு நினைவகத்திற்கு ஒரு துணையேயன்றி அதற்கு ஈடாகாது.

பணி முடிந்தது. ஒரு படி நம் நூலகத்தில் இருக்கின்றது. ஒரு படியை அம்மையாரிடம் நேரிற் கொடுத்தோம். மூன்றாவது படி வேறோர் இடத்தில் இருக்கின்றது. நிகழ்ந்ததை அம்மையாரிடம் மறைக்க மனம் ஒப்பாது முழுவதையும் சொன்னோம். அவர் சினந்திலர். ஒன்பதாம் ஏட்டைத் திரையில் திறக்கச் சொல்லி, ஒரு பக்கத்தைக் காட்டினார். ஓரத்தில், சிவப்பு மையில், ஆசிரியர் தம் கைப்பட எழுதியிருந்தார்: இன்று வகுப்பில் யான் சொன்ன பொருள் தவறு, நாளை மாணாக்கரிடம் சொல்லித் திருத்துக.

அவ்வரியை நாற்பது ஆண்டுகட்குப் பின் யாம் படிக்கின்றோம். மறுநாள் அவர் வகுப்பில் நின்று அவ்வாறே திருத்தியதும் எமக்கு நன்கு நினைவிருக்கின்றது. அவ்வகுப்பில் யாமும் அமர்ந்திருந்தோம். அவர் மாணாக்கராகிய யாம் எம் பிழையை இம்மலரிற் சொல்லாது விடுதல் முறையன்று. இதனைப் படிக்கும் இளைஞர்காள்! அரிய பொருள் ஒன்றே படியாக உங்கள் கையில் இருப்பின், இன்றே மற்றொரு படி எடுத்து வேறோரிடத்தில் வைம்மின். அதன்பின் திண்ணை கட்டத் தொடங்குமின்.